மறுத்த கவளம்: கொங்கு வட்டாரக் குழந்தை உணவில் விருப்பமின்மையின் வரலாறு (சென்னிமலைப் பகுதியை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

குழந்தை தனக்குப் பிடிக்காத உணவை மறுப்பதும், பெரியவர்கள் அதை எப்படியாவது உண்ணவைக்க முயல்வதும் குழந்தை வளர்ப்பு, ஊட்டச்சத்தியல் ஆகிய துறைகளுக்கு உரிய பொருள்களாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. எந்த உணவு மறுக்கப்படுகிறது, யார் வீட்டுக் குழந்தையால் மறுக்க முடிகிறது, அம்மறுப்பை யார் பொருட்படுத்துகின்றனர் ஆகியவை காலந்தோறும் மாறிவந்துள்ளன. ஆதலின் அதற்குச் சமூக வரலாறு ஒன்று உண்டு. ஈரோடு மாவட்டம் சென்னிமலையையும் அதனைச் சூழ்ந்த கொங்கு வட்டாரத்தையும் களமாகக் கொண்டு, புன்செய்த் தானிய உணவிலிருந்து அரிசி உணவுக்கு நேர்ந்த மாற்றம், பள்ளி உணவுப் பட்டியலில் ஏற்பட்ட மாற்றங்கள் ஆகியவற்றின் வழி அவ்வரலாற்றை இக்கட்டுரை எழுத முயல்கிறது. தட்டில் எஞ்சிய உணவைக் குழந்தையின் பிடிவாதமாக மட்டும் கொள்ளாமல், வரலாற்றுச் சான்றாகவும் கொள்ளவேண்டும் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: கொங்கு உணவு, புன்செய்த் தானியம், சத்துணவு, காலை உணவுத் திட்டம், குழந்தைமை, சென்னிமலை

இலக்கியத்தில் மறுக்கும் குழந்தை

உண்ணும் குழந்தையைத் தமிழ் இலக்கியம் நன்கறியும். பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாடலில், குழந்தை நெய்ச்சோற்றைத் தொட்டும் கவ்வியும் துழந்தும் உடலெங்கும் சிதறுகிறது. குழந்தையின் சிறுகை அளைந்த கூழைப் பற்றித் திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம் பேசுகிறது. இவ்விரண்டிலும் சிதறிய உணவு பெற்றோருக்கு இன்பம் தருவது. வீணானது என்ற எண்ணம் அங்கு இல்லை. உணவை மறுக்கும் குழந்தையோ அரிதாகவே தோன்றுகிறது. அவ்வகையில் போதனார் பாடிய நற்றிணை 110ஆம் பாடல் தனித்துக் கவனிக்கத்தக்கது.

செல்வர் மனை ஒன்றில் தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி நிற்கிறாள் செவிலி. அவளது மற்றொரு கையில் பூச்சுற்றிய சிறுகோல் இருக்கிறது. உண்ணும்படி கோலை ஓங்குகிறாள். சிறுமி சிலம்பொலிக்கப் பந்தலுக்கு ஓடுகிறாள். நரைத்த கூந்தலையுடைய செவிலியர் ஓடித் தளர்கின்றனர். அதே பெண் மணமான பின், கணவன் குடி வறுமையுற்றபோது, தந்தை வீட்டுக் கொழுஞ்சோற்றை நினையாமல் ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள். பாலைத்திணையில் அமைந்த இப்பாடலை மகளின் முதிர்ச்சி கண்டு வியக்கும் தாயின் கூற்றாகவே உரைகாரர்கள் விளக்குவர். ஆயினும் மறுத்தல் என்னும் வினை அதில் இருமுறை வருவதைக் கருதவேண்டும். முதலில் ஏவலை மறுக்கிறாள். பின்னர்ப் பொழுதை மறுக்கிறாள். முன்னது வளத்தின் மறுப்பு, பின்னது வறுமையின் மறுப்பு. உணவை வேண்டாமென்று தள்ள முடிவதே ஒரு பொருளாதார நிலை என்பதை இவ்வொரு சொல் காட்டிவிடுகிறது.

கோலில் பூச்சுற்றப்பட்டிருப்பதும் அற்பச் செய்தி அன்று. அச்சுறுத்தவும் வேண்டும், அடிபடவும் கூடாது என்ற ஈரெண்ணம் அக்கோலில் இருக்கிறது. குழந்தைக்கு ஊட்டுதல் குறித்துப் பிற்காலத்தில் எழுந்த முறைகள் பலவற்றையும் இப்பூங்கோலின் வேறுவேறு வடிவங்கள் எனலாம்.

சோறும் நெல்லுச்சோறும்

சென்னிமலை பழைய கோயம்புத்தூர் மாவட்டத்து ஈரோடு வட்டத்தைச் சார்ந்த ஊர். 1979இல் பெரியார் மாவட்டம் எனத் தனியாகப் பிரிக்கப்பட்டு, பின்னர் ஈரோடு மாவட்டம் எனப் பெயர் மாறிய பகுதிக்குள் அது இன்று உள்ளது. குன்றின்மேல் முருகன் கோயிலும் ஊருக்குள் கைத்தறியும் அதன் அடையாளங்கள். சுற்றிலும் இருப்பது மேட்டுக்காடு; மழையையும் கிணற்றையும் நம்பிய நிலம். நிக்கல்சன் 1887இல் வெளியிட்ட கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு கம்பையும் சோளத்தையும் இம்மாவட்டத்தின் முதன்மைப் புன்செய்ப் பயிர்களாகக் காட்டுகிறது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்புதான் தாது வருடப் பஞ்சம் இம்மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியிருந்தது.

இவ்வட்டார உணவின் படிநிலையைச் சொல்வழக்கே காட்டும். சோறு என்ற சொல் கம்பஞ்சோற்றையும் சோளச்சோற்றையும் குறிக்கவும் போதுமானதாக இருந்தது. அரிசியில் ஆக்கியதைச் சுட்டவே ‘நெல்லுச்சோறு’ என்று அடை சேர்க்கவேண்டியிருந்தது. நாள்தோறும் உண்பதற்கு அடைமொழி வேண்டியதில்லை. அரிதாக வருவதற்கே அது வேண்டும். நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும் உரியதாக இருந்தது. கம்பை இடித்து, புடைத்து, மறுபடி இடித்துச் சோறாக்குவதும், ராகிமாவைக் கட்டிதட்டாமல் கிண்டிக் களியாக்குவதும் பெண்களின் நெடுநேர உழைப்பைக் கோரியவை. அவ்வளவு உழைப்பில் ஆன உணவைப் பிள்ளை தள்ளினால், மாற்றாக வேறொன்றை ஆக்கித்தர வீட்டில் பொருளும் இல்லை, பொழுதும் இல்லை. பண்ணையத்தில் ஆளாக விடப்பட்ட சிறுவரின் நிலை இன்னும் கடியது. பெருமாள்முருகனின் கூளமாதாரி (2000) காட்டும் ஆடு மேய்க்கும் சிறுவர் உலகில், கூழின் சுவை பற்றிய பேச்சுக்கு முன்பாக அது கிடைக்குமா என்ற கேள்வியே நிற்கிறது.

இந்நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாறத் தொடங்கியது. பவானிசாகர் அணை 1955இல் நிறைவுற்றது. அதிலிருந்து புறப்படும் கீழ்பவானிக் கால்வாய் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, 2.07 இலட்சம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் பகுதிகள் அதன் வழியில் அமைந்தவை. பாதி நிலத்துக்கு நெல்லுக்கும் மறுபாதிக்குப் புன்செய்ப் பயிருக்குமாக ஆண்டு மாற்றி ஆண்டு நீர் விடும் முறை உருவானதால், தலைமுறைகளாகக் கம்பும் சோளமும் விளைந்த காடுகளின் அருகிலேயே நெல்வயல் தோன்றியது. அரிசி ஆலையும் நியாயவிலைக் கடையும் எஞ்சிய வேலையைச் செய்தன. 2011 முதல் தமிழ்நாட்டில் குடும்ப அட்டைகளுக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. நோம்பிச் சோறு நாட்சோறாயிற்று; ‘நெல்லு’ என்ற அடைமொழி உதிர்ந்தது; இப்போது அடை சேர்க்கப்படுவது கம்புக்குத்தான்.

இம்மாற்றம் ஊட்டச்சத்தியலின் அறிவுரைக்கு எதிர்த்திசையில் நிகழ்ந்தது என்பது சுவையான முரண். கொங்கு நாட்டின் விளிம்பில், நீலகிரியின் குன்னூரில், மெக்காரிசன் இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டார். தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண உணவே வளர்ச்சியில் பின்தங்கியதாக அவர் கண்டார். 1935இல் அவ்வாய்வகப் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால் கொடுத்து வளர்ச்சியை அளந்தார். நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது மிகச் சொற்பம். ஆனால் உணவு சத்தால் மட்டும் தரம் பிரிக்கப்படுவதில்லை. களியை ஏழைமையோடும் அரிசியை மதிப்போடும் பெரியவர்கள் இணைத்திருந்தனர். அவர்கள் விட்டுவிலகிய உணவையே குழந்தை பின்னர் ‘பிடிக்காது’ என்றது. நாக்கின் தனிவிருப்பம் என்று தோன்றும் இம்மறுப்பில் முந்தைய தலைமுறையின் ஏக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

தறியும் கவளமும்

சென்னிமலையின் பெயர் போர்வை நெசவோடு சேர்ந்தது. கைத்தறி வீட்டுத் தொழில்; கணவன் குழித்தறியில் இருக்க, மனைவியும் முதியோரும் பிள்ளைகளும் நூல் பிரிப்பது, தார் சுற்றுவது போன்ற துணைவேலைகளைச் செய்வர். கூலி நெய்த அளவுக்குத்தான். ஆகவே அடம்பிடிக்கும் குழந்தைக்கு அரைமணி நேரம் ஊட்டுவது வீட்டுக்கு உள்ளேயே கூலியிழப்பாகக் கணக்கில் வரும். வேலையிடமும் வீடும் ஒன்றாயிருப்பதால் தாய் குழந்தையோடு இருக்கிறாள் என்பது பாதி உண்மையே. அருகிலிருப்பதும் நேரமிருப்பதும் வேறு. இவ்விடைவெளியை நிரப்பியவர்கள் அப்பத்தாவும் அம்முச்சியும்.

அவர்கள் கையாண்ட முறைகள் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் காணப்படுபவையே. நிலாவைக் காட்டுதல், காக்கைக்கு ஒரு வாய் எனப் பங்கிடுதல், வீட்டாரின் பெயர் சொல்லி ஒவ்வொரு கவளமாக ஊட்டுதல், பூச்சாண்டியை அழைத்தல், முடித்தால் கருப்பட்டி உண்டு என ஆசைகாட்டுதல் ஆகியவை அவற்றுள் சில. இன்று நிலாவின் இடத்தில் கைப்பேசி இருக்கிறது. இதைப் பண்பாட்டுச் சரிவாகக் கருதிப் புலம்பும் கட்டுரைகள் மிகுதி. கவனத்தைத் திருப்பி வாயில் கவளம் இடுதல் என்ற அளவில் இரண்டும் ஒரே உத்தி என்பதை அவை மறந்துவிடுகின்றன. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. நிலாவைக் காட்ட ஒருவர் கூடவே இருந்து பேசவேண்டும்; கைப்பேசிக்கு அது வேண்டியதில்லை.

ஆசைகாட்டும் முறைபற்றி உளவியல் கூறுவது கருதத்தக்கது. அமெரிக்க உளவியலாளர் லீயன் பர்ச்சும் உடன் ஆய்வாளர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றைக் குடித்தால் பரிசு என்று சொல்லப்பட்ட குழந்தைகளுக்கு அக்குடிபொருளின்மீது இருந்த விருப்பம் குறைந்தது. பரிசு வேண்டியிருக்கும் பொருள் நல்லதாக இராது என்று குழந்தை கணித்துவிடுகிறது போலும். சிறிதளவு சுவைபார்ப்பதற்கு உணவல்லாத சிறுபரிசு தருவது உதவக்கூடும் எனப் பிந்தைய ஆய்வுகள் சில காட்டியுள்ளன. பர்ச் 1980இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வே இக்கட்டுரைக்கு மிகவும் வேண்டுவது. ஒரு காய்கறியை விரும்பாத குழந்தையை அதை விரும்பும் பிள்ளைகளோடு சில நாள் சேர்த்து உட்காரவைத்தபோது அதன் தெரிவு மாறியது. பந்தியில் உட்கார்ந்தால் பிள்ளை தின்னும் என்ற வீட்டு வழக்கின் நம்பிக்கையோடு இது ஒத்துப்போகிறது. தமிழகத்தில் அப்பந்தியைப் பெரிய அளவில் அமைத்தது பள்ளி.

பள்ளித் தட்டு

1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, காமராசர் ஆட்சியில் 1956 முதல் மாநிலமெங்கும் பரவியது ஆகியவை பலரால் எழுதப்பட்டவை. அவற்றை இங்கு விரிக்கவேண்டியதில்லை. குழந்தையின் நாக்கு என்ற கோணத்தில் முதன்மையானது 1961. அவ்வாண்டு முதல் கேர் என்னும் அமெரிக்க உதவி நிறுவனம் பால்பொடி, மக்காச்சோள மாவு, தாவர எண்ணெய் முதலியவற்றைத் தமிழகப் பள்ளிகளுக்கு வழங்கியது. பின்னர்க் கோதுமை ரவையும் வந்தது. உள்ளூர் வேளாண்மையோடு தொடர்பற்ற உணவு, பெருந்தொகையான குழந்தைகளின் தட்டுக்கு ஒரே நேரத்தில் வந்த நிகழ்வு அது. எது விளைந்ததோ அதை உண்ட வட்டாரத்தில், எது கப்பலில் வந்ததோ அது உணவாயிற்று.

1982 சூலை 1இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் தட்டை மீண்டும் அரிசிக்குக் கொண்டுவந்தது. முதலில் ஊரகப் பகுதியின் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்கும், அவ்வாண்டு செப்டம்பரில் நகரப் பகுதிக்கும், 1984இல் 15 வயது வரையிலும் அது விரிந்தது. சோறு, பருப்பு, காய் சேர்ந்த சாம்பார் என்ற ஒரே பட்டியல் நெடுங்காலம் நீடித்தது. 1989இல் இருவாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 1998இல் வாரம் ஒன்று, 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் ஐந்து என அது உயர்ந்தது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரப்பட்டது. நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள் இவ்வுயர்வால் உறுதியான சந்தை ஒன்றைப் பெற்றன என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

வாழைப்பழத்தைச் சற்று நின்று நோக்கலாம். பல்லாயிரம் சமையற்கூடங்களில் ஒரே அளவில் நடக்கும் திட்டம், ‘இதை உண்ணாத குழந்தையும் உண்டு’ என எழுத்தில் ஏற்ற இடம் அது. ஆனால் அது ஏற்றது வீட்டு வழக்கத்தால் வரும் மறுப்பை மட்டுமே. சுவை பிடிக்காமல் முட்டையைத் தள்ளும் பிள்ளைக்கு அப்பட்டியலில் பெயர் இல்லை. துறையின் கொள்கை விளக்கக் குறிப்புகளில் பயனாளிகளின் எண்ணிக்கைக்கும், தலைக்கு எத்தனை கிராம் என்பதற்கும், செலவுக்கும் அட்டவணைகள் உண்டு. தட்டில் எஞ்சியதற்கு அட்டவணை இல்லை. பசியை ஒழிக்கப் பிறந்த திட்டம் முதலில் எண்ணவேண்டியது எத்தனை பேர் உண்டனர் என்பதைத்தான். அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. எனினும் வரலாற்றாய்வாளருக்கு அவ்வெற்றிடம் பெரிய இழப்பு. எந்தக் காயைப் பிள்ளைகள் பொறுக்கி ஒதுக்கினர், எந்நாளில் வரிசை குறைந்தது என்பன சமையலருக்கும் ஆசிரியருக்கும் மட்டுமே தெரிந்தவையாய் நின்றுவிட்டன.

கறிவேப்பிலையை மறைத்தல்

2013இல் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் ஒன்றியத்தில் சோதனையாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு பரவலாக்கப்பட்ட கலவை உணவுத் திட்டம் இவ்வகையில் ஒரு திருப்பம். வெறுஞ்சோறும் சாம்பாரும் இருந்த பட்டியலில் காய்கறிப் பிரியாணி, கொண்டைக்கடலைப் புலாவ், தக்காளிச் சாதம், புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், கறிவேப்பிலை அல்லது கீரைச் சாதம் ஆகியவை இடம்பெற்றன. அவித்த முட்டை மிளகு முட்டை ஆனது, தக்காளி மசாலா முட்டை ஆனது.

இதில் மூலப்பொருள் பெரிதும் மாறவில்லை. அதே அரிசி, அதே முட்டை, ஏறக்குறைய அதே காய். மாறியது வடிவமும் மணமும். கறிவேப்பிலைச் சாதம் இதற்குச் சிறந்த சான்று. குழம்பிலும் தாளிதத்திலும் கிடக்கும் கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் பழக்கம் குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. பெரியவர்களும் அதையே செய்கின்றனர். அரைத்துச் சோற்றோடு கலந்துவிட்டால் ஒதுக்குவதற்கு இலை இல்லை. குழந்தையை மாற்றுவதற்குப் பதிலாக உணவின் உருவத்தை மாற்றும் இவ்வழி, செவிலியின் பூங்கோலைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது ஒருவகை மறைப்பும்கூட. கீரையை அறியாமல் உண்ட பிள்ளை கீரையை விரும்பக் கற்றதாகாது. கொங்கு வீட்டுச் சமையலில் கீரையைக் கடைந்து களிக்குத் தொட்டுக்கொள்ள வைத்தபோது, உண்பது கீரைதான் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

யாருடைய மறுப்பு?

தட்டில் எஞ்சியதெல்லாம் சுவையின் தீர்ப்பாகாது. சென்னிமலைக்கு மேற்கே, திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்துத் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், 2018 சூலையில் பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் சத்துணவு சமைப்பதை ஆதிக்கச் சாதிப் பெற்றோர் சிலர் தடுத்தனர். அவர் இடம்மாற்றப்பட்டார், எதிர்ப்புகள் எழுந்தபின் அம்மாற்றம் திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவானது. அங்கு சோற்றின் சுவை ஒரு பொருட்டே அன்று.

குழந்தையின் விருப்பமின்மை எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்கு இந்நிகழ்வைத் தவிர்த்துவிட்டு விடைகூற இயலாது. கம்பைத் தாழ்ந்ததாகக் கருதியதும், ஒருவர் கை பட்ட சோற்றைத் தாழ்ந்ததாகக் கருதுவதும் ஒன்றல்ல. முன்னது பொருள்நிலையின் வடு. பின்னது பிறர்மீது செலுத்தப்படும் வன்முறை. ஆனால் இரண்டும் குழந்தையிடம் வந்துசேரும் வழி ஒன்றே. பெரியவர்களின் தரவரிசை, குழந்தையின் வாயில் ‘எனக்கு வேண்டாம்’ என்ற சொல்லாகிறது. அருகிலிருக்கும் பிள்ளைகள் உண்டால் குழந்தையும் உண்ணும் என்று பர்ச் கண்டது உண்மையானால், அருகில் உட்காரவிடாமல் அழைத்துச் செல்லப்படும் குழந்தை இழப்பது ஒருவேளை உணவை மட்டுமன்று.

திரும்பிவரும் சோளம்

2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், வெள்ளியன்று கேசரி என்பது அதன் முதற்பட்டியல். வாரத்தில் இருநாளேனும் உள்ளூரில் கிடைக்கும் சிறுதானியத்தில் சமைக்கவேண்டும் என்ற நெறியும் அதில் இருந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்த சூழலில் இதை வைத்துப் பார்க்கவேண்டும்.

பட்டியலில் சோள ரவைக் கிச்சடி என்ற பெயரைக் காணும் கொங்கு வாசகர் ஒரு கணம் நிற்பார். அப்பத்தா தலைமுறை நாள்தோறும் உண்டு சலித்த சோளம், அப்பா தலைமுறை விட்டொழித்த சோளம், பேரப்பிள்ளைக்குச் சத்து என்ற பெயரில் ரவையாகித் திரும்பியிருக்கிறது. சோளச்சோறாக அது வரவில்லை. வந்திருந்தால் பிள்ளைகள் தொட்டிருப்பார்களா என்பது ஐயமே. கேழ்வரகுக் களியும் அவ்வாறே; பிஸ்கட்டாகவும் சேமியாவாகவும் தோசையாகவும் அது வீட்டுக்குள் நுழைகிறது. முன்பு வறுமை உண்ணவைத்ததை இப்போது வடிவமாற்றம் உண்ணவைக்கிறது.

2025இல் நிகழ்ந்த ஒரு சிறு மாற்றம் இவ்வரலாற்றில் பெரிய இடம் பெறவேண்டியது. திங்கட்கிழமை தரப்பட்ட உப்புமாவுக்கு மாற்றாகப் பொங்கலும் சாம்பாரும் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. பிள்ளைகள் உப்புமாவை விரும்பவில்லை என்பதே காரணம். உப்புமாவின் சத்தில் குறை கண்டு எடுக்கப்பட்ட முடிவன்று அது. நற்றிணைச் சிறுமியின் மறுப்புக்குச் செவிலியிடம் கோல் இருந்தது. கேர் காலத்துப் பிள்ளையின் மறுப்புக்கு அட்டவணை இல்லை. இப்பிள்ளைகளின் மறுப்புக்கோ சட்டமன்றத்தில் விடை கிடைத்தது.

அவ்விடை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆனதா என்பது சென்னிமலைக்கு அருகிலேயே எழும் கேள்வி. பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையிலும் சுற்றுவட்டார ஆலைகளிலும் வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களோடு தங்கி வேலை செய்கின்றனர். கோதுமை ரொட்டி உண்டு வளர்ந்த குழந்தைக்குப் புளிச்சாதம் புதிய உணவு. 1960களில் கொங்குப் பிள்ளைக்குக் கோதுமை ரவை எப்படிப் புதிதாயிருந்ததோ அப்படி. பந்தியில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அக்குழந்தையும் புளிச்சாதத்துக்குப் பழகலாம். மதிய உணவுப் பட்டியலில் சப்பாத்திக்கு இன்னும் நாள் ஒதுக்கப்படவில்லை.